பாண்ட்வில் வயலுக்குள் மூன்று தெர்மாமீட்டர்

'ஷாம்பேன் 9 தென்மேற்கு.' இது ஒரு வானிலை நிலையத்தின் பெயர். இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பேன் ஊரிலிருந்து தென்மேற்கே 9 மைலில் இருக்கிறது என்று பொருள். நாங்கள் குடியிருக்கும் அர்பானாவிலிருந்து காரில் போனால் அதிக நேரம் ஆகாது. பாண்ட்வில் என்ற சின்ன ஊருக்குத் தெற்கே, ஒரு வருடம் மக்காச்சோளம், மறு வருடம் சோயா என்று மாற்றி மாற்றி விதைக்கிற வயல்களுக்கு நடுவில், வெட்டிவிட்ட புல்தரையில் நிற்கிறது. ஜூலையில் போனால் சுற்றிலும் சோளம் ஆளுயரத்துக்கு மேல் எழும்பியிருக்கும்.

அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டுப் பார்த்தால் அமெரிக்காவில் இப்படி 114 நிலையங்கள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 'யு.எஸ். க்ளைமேட் ரெஃபரன்ஸ் நெட்வொர்க்' என்கிற வலையமைப்பு. நாளைக்கு மழை வருமா என்று சொல்வதற்காக இவற்றை வைக்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, "கடந்த 50 வருடங்களில் இந்த நாட்டின் காலநிலை எப்படி மாறியது?" என்று ஒருவர் கேட்டால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்வதற்காக வைத்தார்கள். கேள்வியைத் தயாரித்தவர்களில் பலர் பதில் வரும்போது பணியில் இருக்கமாட்டார்கள் என்பது ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள். அதனால்தான் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் காலிபரேஷன் ஆள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேபில் தொடங்கியது, இங்கே வந்த பிறகும் அதே வேலைதான். மருந்துக் கிடங்குகள், உணவுக் குளிர்கிடங்குகள் அனுப்பும் வெப்ப உணரிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். காலையில் லேபுக்குப் போனதும் முதல் வேலை ஐஸ் பாத் தயார் செய்வது. காய்ச்சி வடித்த நீரில் உறையவைத்த ஐஸை நொறுக்கி, அதே நீரை அளவாக ஊற்றி, ஐஸ் மிதக்காமல் அடிவரை நெருக்கமாக இருக்கும்படி அமுக்கி, அதற்குள் பிடி-100 என்கிற பிளாட்டினம் உணரியை இறக்கவேண்டும். 0 டிகிரியில் அதன் மின்தடை 100 ஓம் இருக்கவேண்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.385 ஓம் கூடும். போன வருடம் 100.00 காட்டியது இந்த வருடம் 100.04 காட்டினால், அந்த உணரி பத்தில் ஒரு டிகிரி நகர்ந்துவிட்டது. கிடங்குக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. காலநிலைக்கு அது மிகப் பெரிய விஷயம். பத்து வருடத்தில் ஏறும் வெப்பமே பத்தில் இரண்டு, மூன்று டிகிரி என்றிருக்கும்போது, கருவியே பத்தில் ஒன்று நகர்ந்தால் எதை நம்புவது?

ஒரு நாள் சரியாக அளப்பது எளிது. முப்பது, நாற்பது வருடம் ஒரே மாதிரி அளப்பதுதான் கஷ்டம். பழைய வானிலைப் பதிவுகளின் சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1890 முதல் தன்னார்வப் பார்வையாளர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. விவசாயிகள், ஆசிரியர்கள், நீரேற்று நிலைய ஊழியர்கள். வீட்டுக் கொல்லையில் வெள்ளையடித்த மரப்பெட்டி, அதற்குள் அதிகபட்ச வெப்பத்துக்கு ஒன்றும் குறைந்தபட்சத்துக்கு ஒன்றுமாகத் தெர்மாமீட்டர்கள், பக்கத்தில் ஒரு மழைமானி. தினமும் ஒரு முறை பார்த்து எழுதி அனுப்புவார்கள். சில குடும்பங்களில் அப்பாவுக்குப் பின் பிள்ளை, அவருக்குப் பின் பேரன் என்று தொடர்ந்திருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. காலநிலை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் போட்ட பிச்சை.

ஆனால் அவர்கள் எழுதியது அன்றாட வானிலைக்காக. நூறு வருடம் கழித்து யாரோ இதில் பத்தில் ஒரு டிகிரியைத் தேடுவார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சின்ன உதாரணம். அதிகபட்சத் தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதிய பிறகு மறுபடி பழைய நிலைக்கு இறக்கிவைக்கவேண்டும். ஒருவர் மாலை 5 மணிக்கு இதைச் செய்கிறார் என்று வையுங்கள். அன்றைக்குக் கடும் வெயில், 5 மணிக்கே 36 டிகிரி. இறக்கிவைத்ததும் அது 36-ல்தான் நிற்கும். மறுநாள் மேகம் போட்டு 30-க்கு மேல் ஏறவில்லை. ஆனால் மறுநாள் மாலை அவர் போய்ப் பார்க்கும்போது தெர்மாமீட்டர் 36 என்றே காட்டும். ஒரு வெயில் நாள் இரண்டு நாளாகிவிட்டது. இதையே காலை 7 மணிக்குச் செய்கிறவருக்கு நேர்மாறாக நடக்கும், ஒரு குளிர்ந்த விடியல் இரண்டு நாள் கணக்கில் ஏறும்.

இருபதாம் நூற்றாண்டின் போக்கில் இந்தப் பார்வையாளர்களில் நிறையப் பேர் மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். மழையைக் காலையில் அளந்தால் ஆவியாகி வீணாவது குறையும் என்பதே காரணம். மழைக்கு நல்லதுதான். ஆனால் வெப்பப் பதிவில், உண்மையில் நடக்காத ஒரு குளிர்ச்சி நாடு முழுக்கப் படிப்படியாகப் புகுந்துவிட்டது. அப்புறம் 1980-களின் நடுவில் மரப்பெட்டிகளுக்குப் பதிலாக மின்னணு உணரிகள் வந்தன. அவை அதிகபட்சத்தைச் சற்றுக் குறைவாகக் காட்டின. போதாக்குறைக்கு, அந்த உணரியின் கேபிள் வீட்டுக்குள் வரவேண்டும் என்பதால், வயலோரம் நின்ற பல நிலையங்கள் கட்டடத்தை ஒட்டி நகர்ந்தன.

இதையெல்லாம் விஞ்ஞானிகள் கணக்கில் எடுத்துத் திருத்துகிறார்கள். அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டு, எங்கே திடீர்த் தாவல் இருக்கிறதோ அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறார்கள். ஆனால் திருத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதிலும் இந்தத் திருத்தங்கள் அமெரிக்க வெப்ப ஏற்றத்தைக் கூட்டிக் காட்டின. 2007 வாக்கில் தன்னார்வலர்கள் பலர் கிளம்பிப்போய், ஏ.சி. எந்திரத்தின் வெளிக்காற்று படும் இடத்தில், தார் போட்ட வண்டி நிறுத்தத்தின் ஓரத்தில் நிற்கும் தெர்மாமீட்டர்களைப் படம்பிடித்துப் போட்டார்கள். அந்தப் படங்கள் பொய்யில்லை. நிலையங்கள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தன. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் லேபில் ஒரு ஆடிட்டர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கியிருந்தது. வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில்தான் நாட்டின் காலநிலைத் தரவு மையம் இருக்கிறது. அங்கே தாமஸ் கார்லும் அவருடைய சகாக்களும் 1990-களில் நீண்டகாலக் கண்காணிப்புக்கான பத்து விதிகளை எழுதினார்கள். கருவியை மாற்றினால் பழையதையும் புதியதையும் சில காலம் சேர்த்தே ஓட்டு, இடத்தைப் பற்றிய எல்லா விவரத்தையும் எழுதிவை, அளவு எப்படித் தயாரானது என்பதை மறைக்காதே. எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பாலபாடம் இது. ஒரு நாடு முழுவதற்கும் அதை நடத்திக்காட்டுவது வேறு. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் ஆஷ்வில் பக்கத்தில் முதல் இரண்டு நிலையங்களை நட்டார்கள். 114-ம் நின்றது 2008-ல்.

சரி, அந்த நிலையத்தில் என்னதான் இருக்கிறது?

வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே முதலில் கண்ணில் படுவது ஒரே கம்பத்தில் தொங்கும் மூன்று வெள்ளைக் கூடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாட்டினம் தெர்மாமீட்டர். எதற்கு மூன்று? எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், மருந்துக் கிடங்கு வைத்திருப்பவர், ஒரு முறை பதறிப்போய்ப் போன் செய்தார். அறையில் இரண்டு உணரி, ஒன்று 5 டிகிரி காட்டுகிறது, இன்னொன்று 8-ஐத் தாண்டிவிட்டது. எது சரி? யாராலும் சொல்லமுடியவில்லை. அறை முழுக்க இருந்த தடுப்பூசிகளை ஒதுக்கிவைத்து, நாங்கள் போய் மூன்றாவதாக ஒரு உணரியை வைத்த பிறகுதான் விஷயம் தெளிந்தது. இரண்டு இருந்தால் சண்டைதான் மிஞ்சும். மூன்று இருந்தால் தனித்து நிற்பது எது என்று தெரிந்துவிடும். பாண்ட்வில் கம்பத்தில் மூன்று தெர்மாமீட்டரையும் இரண்டிரண்டாக ஒப்பிடுகிறார்கள். 0.3 டிகிரிக்குள் ஒத்துப்போனால் ஏற்பு. ஒன்று விலகினால் உடனே வெளியே தெரியும், மற்ற இரண்டும் வேலையைத் தொடரும், ஒரு மணி நேரப் பதிவுகூட விட்டுப்போகாது.

ஒவ்வொரு கூட்டிலும் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. காற்று அசையாத வெயில் நேரத்தில் கூடே சூடாகி, உள்ளே இருக்கும் தெர்மாமீட்டர் காற்றை அளப்பதற்குப் பதிலாகக் கூட்டை அளக்கத் தொடங்கிவிடும். இல்லினாயில் குளிர்காலத்தில் இதைவிட மோசம். தரை முழுக்கப் பனி, அதில் பட்டுத் தெறிக்கும் வெயில் கீழிருந்து கூட்டுக்குள் புகும். விசிறி வெளிக்காற்றை இழுத்துத் தெர்மாமீட்டர் மேல் விட்டுக்கொண்டே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அந்த விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதையும் பதிவு செய்கிறார்கள். விசிறி தளர்ந்தால், தெர்மாமீட்டர் தவறு காட்டத் தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். அளக்கிற கருவியைக் கவனிக்க இன்னொரு அளவு. இதைச் செய்தவர் யாராக இருந்தாலும் எங்கள் இனம்.

மழைமானிக்கும் அதே கதைதான். நார்வேக்காரர்கள் செய்த கருவி. பெரிய வாளி ஒன்று மூன்று கம்பிகளில் தொங்குகிறது. வீணைத் தந்தியை முறுக்க முறுக்கச் சுருதி ஏறுவது போல, வாளியில் நீர் சேரச் சேர எடை கூடி, கம்பி அதிரும் வேகம் ஏறும். அந்த அதிர்வை எண்ணித்தான் மழையைக் கணக்கிடுகிறார்கள். மூன்று கம்பிக்கும் தனித்தனிக் கணக்கு. காற்றில் வாளி ஆடினால்கூட எடை மாறியது போலத் தோன்றும் என்பதால், பக்கத்தில் நனைந்தால் மட்டும் சொல்லும் ஒரு சின்னத் தகடும் உண்டு. தகடு நனையவில்லை என்றால் மழை இல்லை. நீர் உறையாமல் இருக்க வாளியில் ஒரு திரவமும், ஆவியாகாமல் இருக்க மேலே எண்ணெய்ப் படலமும் போட்டுவைக்கிறார்கள். பெரும்பாலான நிலையங்களில் மானியைச் சுற்றி மரச்சட்டங்களால் இரட்டை வேலி வேறு. தோட்டத்து வேலி என்று நினைத்துவிடாதீர்கள். பனித்துளி காற்றில் மானியின் வாயைத் தாண்டிப் பறந்துவிடும். அந்த வேலி காற்றின் வேகத்தைக் குறைத்து, விழவேண்டியதை விழவைக்கிறது.

இதெல்லாம் கருவி. ஆனால் இந்த வலையமைப்பின் உயிர் கருவியில் இல்லை, இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த 50 வருடத்துக்கு இங்கே கட்டடம் வராது, சாலை வராது, மரம் வளர்ந்து நிழல் விழாது என்று நம்பக்கூடிய இடங்களைத் தேடித்தேடிப் பிடித்திருக்கிறார்கள். தேசியப் பூங்காக்கள், பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பண்ணைகள், வனவிலங்குச் சரணாலயங்கள். கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஒன்று, கான்சாஸில் கோன்சா புல்வெளியில் ஒன்று, ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் ஒன்று. ஆய்வு ஒப்பந்தங்களின் பேரில் கனடாவின் எக்பர்ட்டிலும், சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில் டிக்ஸி என்ற ஊரிலும்கூட ஒவ்வொன்று நட்டார்கள். ஊர் வளர்ந்து வளர்ந்து தெர்மாமீட்டரை விழுங்குவதுதான் உலகம் முழுக்க நடப்பது. இங்கே ஊர் வராத இடமாகப் பார்த்துத் தெர்மாமீட்டரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

2009-க்குப் பிறகு மண்ணுக்குள்ளும் இறங்கினார்கள். கம்பத்தைச் சுற்றி மூன்று குழி (மறுபடியும் மூன்று!), ஒவ்வொன்றிலும் 5, 10, 20, 50, 100 சென்டிமீட்டர் ஆழங்களில் ஈரத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகள். 2012-ல் இந்த மக்காச்சோள நாட்டில் பெரிய வறட்சி வந்தது. இங்கே இன்றைக்கும் விவசாயிகள் அந்த வருடத்தைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள். மேல்மண் காய்வது யார் கண்ணுக்கும் தெரியும். வேருக்குக் கீழே எவ்வளவு ஆழம் வரை ஈரம் போய்விட்டது என்பதை இந்தக் குழிகள் மணிக்கு மணி சொன்னன.

இவ்வளவு செய்து என்ன கண்டுபிடித்தார்கள்? 2005 முதல் இந்த வலையமைப்பின் அளவுகளை வைத்தே நாட்டின் சராசரி வெப்பநிலையைக் கணக்கிடமுடிகிறது. இதில் எந்தத் திருத்தமும் கிடையாது, தேவையும் கிடையாது. அதையும், பழைய தன்னார்வலர் நிலையங்களிலிருந்து திருத்திப் பெற்ற சராசரியையும் ஒரே படத்தில் போட்டால் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எந்த மாதம் எது ஏறுகிறதோ மற்றதும் ஏறுகிறது. விலகும் கொஞ்சத்திலும், புது வலையமைப்புதான் வெப்ப ஏற்றத்தைச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. 2016-ல் காலநிலை விஞ்ஞானி ஸீக் ஹவுஸ்ஃபாதரும் அவருடைய சகாக்களும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். புது நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய நிலையங்களை எடுத்து, திருத்தும் முன்பும் பின்பும் ஒப்பிட்டார்கள். திருத்திய பிறகு அவை புது நிலையத்தோடு நெருங்கி வந்தன. அதாவது, ஏ.சி. எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற தெர்மாமீட்டர்களைப் பற்றிய சந்தேகம் நியாயமானது, அதைச் சரிசெய்த கணக்கும் சரியானது. இரண்டுமே உண்மை. சந்தேகப்பட்டவர்களை வாயடைக்க நினைக்காமல், பொதுப்பணத்தைச் செலவழித்து ஒரு தனி அளவுகோலையே செய்து காட்டியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அலாஸ்காவின் வடமுனையில் உட்கியாக்விக் என்று ஒரு ஊர், முன்பு பாரோ என்றார்கள். 2017 கடைசியில் ஆஷ்வில் மையத்தின் மாதாந்திரக் கணக்கில் அந்த ஊரையே காணோம். கடல் பனி சுருங்கிப்போனதால் அங்கே வெப்பம் அத்தனை வேகமாக ஏறிவிட்டது. பிழைகளைப் பிடிக்க வைத்திருந்த கணினி நிரல், இப்படியெல்லாம் ஏறாது, கருவியை நகர்த்தியிருப்பார்கள் என்று முடிவுகட்டி, 2017 முழுவதையும் 2016-ன் கடைசி மாதங்களையும் தூக்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வேறு ஊர்களும் இல்லை. காலநிலை மையம் அதைத் தானே வெளியில் சொன்னது. அண்டை வீட்டைக் கேட்டுத்தான் ஒரு தெர்மாமீட்டரை நம்பமுடியும் என்றால், அண்டை வீடே இல்லாத இடத்தில் என்ன செய்வது? தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் மூன்று தெர்மாமீட்டர் தேவைப்படுவது அங்கேதான்.

எனக்குக் கவலை வேறு பக்கம். இந்த நிலையங்கள் நட்டுவிட்டுப் போகிற சாமான் இல்லை. டென்னசியில் ஓக் ரிட்ஜ் என்ற இடத்திலிருந்து தொழில்நுட்பப் பணியாளர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு நிலையத்துக்கும் போகிறார்கள். தெர்மாமீட்டர்களைக் கழற்றிவிட்டு, தேசியத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த வேறு தெர்மாமீட்டர்களை மாட்டுகிறார்கள். மழைமானியை எடை வைத்துச் சோதிக்கிறார்கள். சிலந்தி, குளவி, எலி என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்த ஒரு வருகை தவறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நிலையம் செயற்கைக்கோள் வழியாக மணிக்கு மணி எண்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் சான்றிதழ் இல்லை. பல வருடம் கழித்து யாரும் திரும்பிப்போய் அதைச் சரிசெய்யவும் முடியாது. காலிபரேஷன் தேதி தாண்டிய கருவியின் அளவை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பமாட்டேன். இதுவும் அப்படித்தான்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஆஷ்வில் நகரைப் புரட்டிப்போட்டபோது தரவு மையமே சில காலம் முடங்கிப்போனது. தரவுகள் பத்திரமாக இருந்தன, நல்லவேளை. அடுத்து, 2026 நிதியாண்டுக்கு அரசு முன்வைத்த பட்ஜெட்டில் வானிலைத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவையே கலைக்கும் திட்டம் இருந்தது. ஓக் ரிட்ஜ் குழு அந்தப் பிரிவைச் சேர்ந்தது. 50 வருடக் கேள்விக்கு வருடா வருடம் பணம் கேட்டு நிற்கவேண்டியிருக்கிறது. 114-ம் நின்ற நாளிலிருந்து கணக்கிட்டால் பாதி தூரம்கூட வரவில்லை. இப்போது விட்டால் இதுவரை செய்ததும் பாழ். அறுந்துபோன பதிவை வைத்துக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி திருத்தம் செய்யத் தொடங்கலாம்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும். டர்ஹாமில் இருக்கிறீர்களா? ட்யூக் பல்கலைக்கழகக் காட்டுக்குள் 'டர்ஹாம் 11 மேற்கு' இருக்கிறது. டெக்சஸ்காரர்களுக்கு 'ஆஸ்டின் 33 வடமேற்கு', வர்ஜீனியாவில் 'சார்லட்ஸ்வில் 2 தென்-தென்கிழக்கு', நியூயார்க் மாநிலத்தில் 'இதாகா 13 கிழக்கு'. எல்லா நிலையத்தின் 5 நிமிட அளவுகளும் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன, கணக்குத் திறக்கக்கூடத் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் சேர்ந்து உட்கார்ந்து இறக்கிப் பாருங்கள். மூன்று தெர்மாமீட்டரின் எண்களும் தனித்தனிப் பத்திகளாகவே ஒரு கோப்பில் இருக்குமா என்று போன வாரம் ஒரு தோழி கேட்டாள். தினசரி, மணிவாரிக் கோப்புகளில் ஏற்றுக்கொண்ட ஒரே எண்ணைத்தான் கொடுப்பார்கள், தொடங்க அது போதும். உங்கள் பக்கத்து நிலையத்தில் பதிவு தொடங்கியதிலிருந்து ஜனவரி மாதக் குறைந்தபட்சங்களை மட்டும் எடுத்து ஒரு கோடு போட்டு எனக்கு அனுப்புங்கள். ஷாம்பேனுக்கு நான் போட்டுவைத்திருக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.